ஈவ் ஆன்லைன்: 'ப்ளூ' பட்டியலுக்கு உச்சவரம்பு வேண்டுமா?

விண்கலன்
ஈவ் என்ற விண்வெளி ஆன்லைன் ஆட்டத்தில், ஆட்டக்காரர்களின் குழுக்களான கார்ப்பரேஷன்கள் சேர்ந்தால் அலையன்ஸ். அதைத் தொடங்க 100 கோடி ஐஸ்க் (ஆட்டத்தின் நாணயம்) கட்ட வேண்டும், ஆட்டத்துக்குள்ளேயே பதிவாகும். ஆனால் அலையன்ஸ்கள் சேர்ந்த கோயலிஷனுக்குப் பதிவே கிடையாது. தலைவர்கள் பேசி முடித்து, ஸ்டாண்டிங்கை, அதாவது உறவு மதிப்பை, +5 அல்லது +10 என்று மாற்றினால் எதிரே வருபவர் நண்பர் என்று நீலமாகத் தெரிவார். இப்படி நீலமானவர்கள்தான் 'ப்ளூ' பட்டியல். ஒரு ஐஸ்க் செலவில்லை. நட்பு இவ்வளவு மலிவாக இருப்பதால்தான் பட்டியல் வீங்குகிறது. பக்கத்து வட்டாரம் முழுக்க நீலமாகிவிட்டால் சின்ன ஃப்ளீட்டுக்கு (கப்பல் படைக்கு) சண்டையே கிடைக்காது. புதிதாக வருபவர் மாதக்கணக்கில் கனிமம் தோண்டி, சலித்துப்போய் விலகுகிறார்.

என் யோசனை: முதல் 3 அலையன்ஸ்களுக்கு இலவசம். நான்காவதிலிருந்து, அந்த அலையன்ஸின் ஆள் எண்ணிக்கையைப் பொறுத்து வாரக் கட்டணம். உறவை ஏற்றினாலும் இறக்கினாலும் 72 மணி நேரம் கழித்தே அமலாக வேண்டும்.

மண்கோட்டை
கட்டணம் போட்டால் கோயலிஷன் குறையாது, உருவம்தான் மாறும். ஐந்து அலையன்ஸ்கள் கலைந்து ஒரே பெரிய அலையன்ஸாகிவிடும். அங்கே அதிகாரம் முழுவதும் அலையன்ஸை நிர்வகிக்கும் எக்ஸிக்யூட்டர் கார்ப்பரேஷனிடம் குவியும். 2009 பிப்ரவரியில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் அலையன்ஸுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். எக்ஸிக்யூட்டர் கார்ப்பின் இயக்குநர் ஒருவர் எதிரணிக்குத் தாவினார். அந்த ஒருவரின் அதிகாரத்தை வைத்தே அலையன்ஸ் கலைக்கப்பட்டது. நட்சத்திர சிஸ்டங்களின் மேலான இறையாண்மை அலையன்ஸ் பெயரில் இருந்ததால் அதுவும் சேர்ந்து போயிற்று. தனித்தனி அலையன்ஸ்களாக இருந்திருந்தால் ஒரு துரோகத்தில் ஒன்றுதான் விழுந்திருக்கும்.

கட்டுப்படுத்த வேண்டியது நட்பை அல்ல, தூரத்தை. நவம்பர் 2014 ஃபீபி அப்டேட் ஜம்ப் களைப்பைக் கொண்டுவந்தது: தூரமாகத் தாவினால் அடுத்த தாவலுக்குக் காத்திருக்க வேண்டும். கேப்பிட்டல் என்ற பெரிய போர்க்கப்பல்களை ஒரே மாலையில் பிரபஞ்சத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோக முடியாமல் போனது. தொலைதூர நண்பனால் உடனே பயனில்லை என்றால் அவனை நீலமாக்க அவசரமும் இருக்காது.

விண்கலன்
ஃபீபிக்குப் பிறகும் எம்2-எக்ஸ்எஃப்இ சிஸ்டத்தில் பெரிய சண்டை நடந்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? 2020 டிசம்பர் கடைசியில், ஒரே சண்டையில் 257 டைட்டன்கள் (ஆட்டத்தின் மிகப் பெரிய கப்பல்கள்) அழிந்தன. ஜூலை 2020இல் தொடங்கி ஆகஸ்ட் 2021 வரை நீண்ட போரின் ஒரு பகுதி அது. களைப்பு பயணத்தைத் தாமதப்படுத்தும். மாதக்கணக்கில் படையை இடம் மாற்றிக் குவிப்பதைத் தடுக்காது.

மூன்றுமுனை
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தத் தலைவலியை வடிவமைப்பிலேயே தீர்த்த ஆட்டங்கள் உண்டு. 2001இல் வந்த டார்க் ஏஜ் ஆஃப் கேமலாட்டில் ஆல்பியன், மிட்கார்ட், ஹைபர்னியா என மூன்று தரப்புகள். 2014இல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனும் சிரோடீல் என்ற போர்க்களத்தில் மூன்று கூட்டணிகளை வைத்தது. ஒருவன் வலுத்தால் மற்ற இருவரும் அவன் கோட்டைகள் மேல் சாய்வார்கள். ஒப்பந்தம் எழுதவே தேவையில்லை.

இரண்டே தரப்பு என்றால் அந்தச் சமநிலை வராது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் அதற்குச் சாட்சி. ஆள் குறைவான தரப்பை, ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கும் வார் மோடுக்கு இழுக்கக் கூடுதல் போனஸ் கொடுக்க வேண்டியிருந்தது. 2022இல், 9.2.5 பேட்சில், அதன் இரு தரப்புகளான ஹோர்டும் அலையன்ஸும் ஒரே குழுவாக ரெய்டுக்கு (கூட்டுத் தாக்குதலுக்கு) போக வழிவிட்டார்கள்.

மண்கோட்டை
மூன்று முனையில் ஆட்ட நிறுவனம் உங்களுக்காகப் பகைவரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. ஈவில் அந்தத் தேர்வுதான் ஆட்டமே. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதிகாலையில் எதிரணி தூங்கும்போது கோட்டைகளைப் பிடிக்கும் பழக்கத்தையும் மூன்று முனை தீர்க்கவில்லை.

ப்ளூ பட்டியல் வீங்குவதற்கு உண்மையான காரணம், மூன்று வேறு வேறு விஷயங்களை ஒரே நிறத்தில் அடைப்பதுதான். பிரித்து எழுதுங்கள். முதலாவது, கட்டுமானங்களைத் தாக்காமலிருக்கும் உடன்பாடு: ரோந்தில் கப்பல்கள் மோதிக்கொள்ளலாம், ஸ்டேஷன்களைத் தொடக்கூடாது. இதற்கு நீலம் வேண்டாம், நியூட்ரலாகவே இருக்கட்டும். சின்ன ஃப்ளீட்டுக்குச் சண்டையும் கிடைக்கும். இரண்டாவது, தங்குமிட உரிமை. 2016இல் சிட்டாடல்கள் என்ற ஸ்டேஷன்கள் வந்ததிலிருந்து அக்ஸஸ் லிஸ்ட் (அனுமதிப் பட்டியல்) வைத்து எந்த ஸ்டேஷனில் யார் டாக் செய்யலாம் (கப்பலை உள்ளே நிறுத்தலாம்) என்று தனித்தனியாகக் கொடுக்க முடிகிறது. மூன்றாவது, தாக்கப்பட்ட ஸ்டேஷனை மறுபடி தாக்க முடியாத காலமான ரீஇன்ஃபோர்ஸ் டைமர் முடியும் நேரத்தில் வந்து நிற்கும் கடமை. இவர்கள் மட்டுமே நீலம். எத்தனை பேர் வர வேண்டும், இழந்த கப்பலுக்கு யார் ஈடு தருவது, எல்லை எந்த சிஸ்டத்தில் முடிகிறது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

உறவை முறிக்கும் வரிசையில்தான் பலர் சறுக்குகிறார்கள். கோபத்தில் முதலில் ஸ்டாண்டிங்கை மாற்றிவிடுவார்கள். அந்த நிமிடமே எதிர்த்தரப்பு டாக் உரிமையை எடுத்துவிடும், நம் கப்பல்கள் அவர்கள் ஸ்டேஷனுக்குள் சிக்கிக்கொள்ளும். முதலில் நம் சரக்கையும் ஜம்ப் குளோன்களையும் (அங்கே வைத்திருக்கும் மாற்று உடல்களையும்) வெளியே எடுக்க வேண்டும். அடுத்து எதிரி நடமாட்டத்தைப் பகிரும் இன்டெல் சேனல், பிறகு அக்ஸஸ் லிஸ்ட். நிறம் கடைசியில்.

கணக்குப்பிள்ளை
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: இறையாண்மைக் கட்டணம் யார் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். 2014 ஜனவரியில் 75 டைட்டன்கள் அழிந்த பி-ஆர்5ஆர்பி சண்டை, ஒரு சிஸ்டத்தின் இறையாண்மைக் கட்டணம் போகாமல் விட்டதில் தொடங்கியது. தானாகக் கட்டும் வசதியை நம்பி விட்டுவிடாமல் இரண்டு பேர் வாரம் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும்.

விண்கலன்
மண்கோட்டை சொன்ன மூன்று அடுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அது தலைவர்களின் கட்டுப்பாட்டை நம்பி நிற்கிறது. கட்டணத்தை விட்டுவிடுகிறேன். 72 மணி நேரத் தாமதம் மட்டும் ஆட்டத்துக்குள் வரட்டும்.

மண்கோட்டை
அதிலும் ஒரு ஓட்டை. காவல் இல்லாத நல்-செக் பகுதியில் நீலமாக இருப்பவரையும் சுட ஆட்டம் தடுப்பதில்லை. துரோகி முதல் நிமிடத்தில் சுட ஆரம்பிப்பான். ஏமாந்தவன் அவனை 72 மணி நேரம் சிவப்பாக்க முடியாமல், ஃப்ளீட்டில் யார் எதிரி என்று தெரியாமல் தவிப்பான்.

விண்கலன்
சரிதான், அதை நான் யோசிக்கவில்லை. இறக்குவது உடனே நடக்கட்டும். ஏற்றுவதற்கு மட்டும் 72 மணி. போர் தொடங்கிய அன்றே பத்து அலையன்ஸ்கள் ஜெயிக்கும் பக்கம் நீலமாக ஒட்டிக்கொள்வது அதோடு நிற்கும்.

மண்கோட்டை
ஏற்றத்துக்கு மட்டும் என்றால் எனக்குச் சம்மதம். கட்டணம் திரும்பி வந்தால் மறுபடி எதிர்ப்பேன்.