லீவர் ரைஃபிள்: எந்த ஊர், எந்த வருஷம்? உதவி தேவை

வணக்கம். மாமனார் காலமான பிறகு அவருடைய பழைய லீவர் ரைஃபிள் (விசையை ஒட்டியுள்ள பிடியை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் துப்பாக்கி), முறைப்படி உரிமம் மாற்றி, என் கைக்கு வந்திருக்கிறது. "இது 1873 வின்செஸ்டர்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், அதாவது அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி செய்த 1873 மாடல். பேரலில் 44 என்பது மட்டும் தெரிகிறது. மற்ற எழுத்தெல்லாம் தேய்ந்து, மேலே துரு. அடியில் ஆறு இலக்க எண். வின்செஸ்டர் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினேன், எதுவும் பொருந்தவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எழுத்து தெரியுமா?

பதில் 1
உப்புத்தாள் வேண்டவே வேண்டாம் சார்! எழுத்து போனால் அடையாளமே போச்சு. முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள். பேரலுக்குக் கீழே உள்ள குழாயில் ஒன்றிரண்டு தங்கியிருக்கலாம். பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். பிறகு சொல்லுங்கள்: பேரலுக்குப் பின்னால் இயங்கும் பாகங்கள் இருக்கும் கூட்டின், அதாவது ரிசீவரின், பக்கங்களில் தனித் தகடு பொருத்தியிருக்கிறதா? மேலே தள்ளித் திறக்கும் மூடி உண்டா? இரண்டும் இருந்தால்தான் 1873.

பதில் 2
எனக்கு வின்செஸ்டரின் 1894 மாடல் மாதிரி படுகிறது. அந்த மாடல்தான் எங்கும் கிடைக்கும்.

கேட்டவர்
தோட்டா இல்லை, பார்த்துவிட்டேன். தகடும் இல்லை, மூடியும் இல்லை. லீவரை மூடிய நிலையில் மேலிருந்து பார்த்தால், போல்ட்டின் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) பின்பகுதியில் இடமும் வலமுமாக இரண்டு செங்குத்துப் பட்டைகளின் முனை தெரிகிறது.

பதில் 1
அப்படியானால் 1894 இல்லை. அதில் லீவரை இறக்கும்போது ரிசீவரின் அடித்தகடே கீழே இறங்கும், பூட்டுவதும் ஒரே கட்டைதான். இரட்டைப் பட்டை அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் வின்செஸ்டருக்காக வடிவமைத்த 1892 மாடலின் அடையாளம். ஆனால் வடிவம் 1892 என்பதால் வின்செஸ்டர்தான் என்று முடிவு கட்டாதீர்கள். கொஞ்சம் தையல் மெஷின் எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, துணியால் துடையுங்கள். அப்புறம் சாக்பீஸ் தூளைத் தேய்த்து, இருட்டறையில் டார்ச்சைப் பேரலோடு ஒட்டினாற்போல் சாய்த்து அடியுங்கள். பள்ளத்தில் தூள் வெள்ளையாக நிற்கும்.

கேட்டவர்
மூன்று முறை செய்தேன். "காரத்தே, அனித்துவா" என்று இரண்டு பெயர், கடைசியில் "எய்பார்". சின்னச் சின்ன முத்திரைகளுக்கு நடுவே தனியாக ஒரு "சி" எழுத்து.

பதில் 3
ரொம்ப சந்தோஷம், கிடைத்துவிட்டது! இது "எல் டிக்ரே". ஸ்பானிய மொழியில் "புலி". ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன ஊர் எய்பார். அங்கே காரத்தே, அனித்துவா என்ற கம்பெனி வின்செஸ்டர் 1892-ஐப் பார்த்து 1915 வாக்கில் செய்யத் தொடங்கி, ஸ்பானிய உள்நாட்டுப் போர்க் காலம் வரை தயாரித்தது. எண் ஏன் பொருந்தவில்லை என்று இப்போது புரிகிறதா? அது வேறு கம்பெனியின் எண். ஸ்பெயினின் துப்பாக்கிச் சோதனைக்கூடங்கள் 1927 முதல் வருஷத்துக்கு ஓர் எழுத்து அடித்தன: ஏ 1927, பி 1928, சி 1929. நீங்கள் பார்த்தது முத்திரை வரிசையில் உள்ள "சி" என்றால், சோதனையான வருஷம் 1929.

கேட்டவர்
44 என்பதால் .44 மேக்னம் தோட்டா போடலாமா?

பதில் 3
கூடவே கூடாது. அந்தத் தோட்டா வந்ததே 1950-களில்தான். அதன் அழுத்தத்துக்கு இந்த இரும்பு செய்யப்படவில்லை. இதற்குரியது .44-40 என்ற தோட்டா, ஸ்பெயினில் அதை .44 லார்கோ என்பார்கள். அதையும் துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் அறையை அளந்து, போல்ட் இடைவெளியைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் போட வேண்டும்.

பதில் 2
நான் சொன்னது தவறு, மன்னிக்கவும். பட்டை விஷயம் எனக்குப் புதுசு.

கேட்டவர்
எல்லோருக்கும் நன்றி. மாமியாரிடம் சொன்னேன். "அவர் இருந்தா புலின்னு கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றார். சாக்பீஸ் தூளைத் துடைத்து, எண்ணெய் போட்டு வைத்துவிட்டேன். உப்புத்தாள் தொடவில்லை.