புதுப்பிப்பு: நார் மில் டிரைவ், 'டிக் டிக்' சத்தம் நின்றது

பொள்ளாச்சி பக்கம் கேரள எல்லையில் உள்ள கோபாலபுரத்தை ஒட்டிய தென்னை நார் மில்லில் 15 ஹெச்பி டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஒன்று டிஸ்பிளே மின்னி மின்னி அணைகிறது, உள்ளே 'டிக் டிக்' என்கிறது என்று கேட்டிருந்தேன் அல்லவா? இப்போது ஓடுகிறது.

டிசி பஸ், அதாவது உள்ளே வரும் ஏசி மின்சாரம் டிசியாக மாறி நிற்கும் லைன், 580 வோல்ட்டுக்குக் குறையவில்லை. அதனால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரை விட்டுவிட்டு, கன்ட்ரோல் போர்டுக்கும் ஃபேனுக்கும் சிறு வோல்ட்டேஜ் தரும் எஸ்எம்பிஎஸ் பக்கம் போனேன். நீங்கள் சொன்னபடி டிரைவைக் குளிர்விக்கும் ஃபேனின் கனெக்டரைக் கழற்றினேன். ஃபேன் ஷார்ட் ஆகி 24 வோல்ட் லைனை இழுத்தாலும் இதே கூத்துதான். மாற்றமில்லை. அப்புறம் பஸ் நெகட்டிவை ஆதாரமாக வைத்து எஸ்எம்பிஎஸ்ஸை இயக்கும் 3844 ஐசியின் 7ஆம் காலை, அதாவது அதற்கு மின் ஊட்டம் வரும் காலை, அளந்தேன். 16 வோல்ட் வரை ஏறுகிறது, 10க்கு விழுகிறது, மறுபடி ஏறுகிறது. அப்படியென்றால் ஐசிக்கு முதல் ஊட்டம் தரும் ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் நல்லது. ஐசி கிளம்பியும் ஊட்டம் நிற்கவில்லை.

அந்த ஊட்டத்தைத் தேக்கித் தரும், ஹீட்சிங்க்கை (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) ஒட்டி நின்ற 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்தான் காரணம். உப்பவே இல்லை! ஈஎஸ்ஆர் (கெப்பாசிட்டரின் உள் மின்தடை) மட்டும் எகிறியிருந்தது. 105 டிகிரி சூடு தாங்கும் ரகம் போட்டேன். வெளியீட்டுப் பக்கக் கெப்பாசிட்டர்களையும் கையோடு மாற்றிவிட்டேன்.

"போர்டே மாத்தணும்னாங்களே" என்றார் மில்காரர். நார்த்தூசு அப்பிய ஃபேனை மாற்றச் சொல்லியிருக்கிறேன். செய்வாரா, தெரியவில்லை.

டிரைவில் மின்சாரம் தேங்கியிருப்பதைக் காட்டும் சார்ஜ் விளக்கு அணைந்தாலும் டிசி பஸ்ஸை அளக்காமல் யாரும் கை வைக்காதீர்கள்.