மடத்துக்குப் போகிற பிள்ளையின் வீட்டாருக்கு: தெரிந்தவர்கள் பகிர்ந்தவை

புளியந்தீவிலிருந்து:

உயர்தரம் எழுதி முடித்த பிள்ளை "நான் சிஸ்டராகப் போறன்" என்றதும் சில வீடுகளில் அழுகை, சில வீடுகளில் ஊரைக் கூட்டிப் பிரியாவிடை. கூடுதல் கெடுதல் செய்வது பிரியாவிடைதான். முதல் நாள் போகிறவள் இன்னும் துறவி இல்லை, அந்த வாழ்வைப் பார்த்துப் பழகப் போகிறவள். முன்பயிற்சி துறவற சபைக்குச் சபை வேறுபடும். அதற்குப் பிறகே நவதுறவு, அதாவது துறவுக்கான முறையான பயிற்சிக் காலம். திருச்சபைச் சட்டப்படி 17 வயது நிரம்பாதவரைச் சேர்த்தால் அந்த நவதுறவு செல்லாது. செல்லுபடியாகக் குறைந்தது 12 மாதம் நவதுறவகத்தில் இருக்க வேண்டும். விட்டு விட்டு என்றாலும் மொத்தம் 3 மாதத்துக்கு மேல் வெளியில் நின்றால் எல்லாம் முதலிலிருந்து. 15 நாளைத் தாண்டினாலே அந்த நாட்களை ஈடுசெய்ய வேண்டும். ஆகவே தம்பியின் கலியாணம், ஆயித்தியமலைத் திருவிழா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்காதீர்கள்.

கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குத்தான் வார்த்தைப்பாடு. முதல் வார்த்தைப்பாடு 18 வயதுக்குப் பிறகு, 3 முதல் 6 வருடத்துக்கு. தேவைப்பட்டால் மொத்தம் 9 வருடம் வரை நீளும். வாழ்நாள் முழுவதுக்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். இத்தனை வருடமும் சபை அவளைச் சோதிக்கிறது, அவளும் சபையைச் சோதிக்கிறாள். தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் வீட்டுக்கு வர அவளுக்கு முழு உரிமை உண்டு. மாலை போட்டு அனுப்பப்பட்ட பிள்ளை, ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்திலேயே அங்கே தங்கிவிடும். பயத்தில் கொடுக்கும் வாழ்வைக் கடவுள் கேட்கவில்லை. நித்திய வார்த்தைப்பாடு முடிந்த பிறகு விருந்து வையுங்கள், ஊரே வரட்டும்.

கல்முனையிலிருந்து:

பத்திரங்களைப் பற்றி. திருமுழுக்குச் சான்றிதழைப் புதிதாக எடுங்கள், பெட்டிக்குள் கிடக்கும் பழைய பிரதி போதாது. உறுதிப்பூசுதல், திருமணம், நித்திய வார்த்தைப்பாடு எல்லாம் அந்தத் திருமுழுக்கு ஏட்டிலேயே குறிக்கப்படும் என்பதால், புதுப் பிரதியில்தான் அவள் திருமணமாகாதவள் என்பது தெரியும். 2012க்கு முந்திய பத்திரங்களில் திருகோணமலை–மட்டக்களப்பு மறைமாவட்டம் என்றிருக்கும், அதில் பிரச்சினை இல்லை. மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது அந்த வருடம்தான், அம்பாறையும் அதற்குள்தான் வருகிறது. ஏடே அழிந்துபோன பங்கு என்றால், திருமுழுக்கை நேரில் கண்ட நம்பத்தகுந்த ஒருவரின் சாட்சியத்தைச் சட்டம் ஏற்கிறது. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லி எழுதி வாங்குங்கள்.

தாண்டவன்வெளியிலிருந்து:

நம் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அவள் மடத்துக்குப் போகிறாள் என்றதும் "இனி உனக்கெதற்கு" என்று வளவைத் தங்கச்சியின் பெயருக்கு உறுதி முடித்து விடுகிறார்கள். இது அவசரம். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் அவள் செய்ய வேண்டியது, சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பைத் தான் விரும்பும் ஒருவரிடம் கொடுத்து, அதன் பயன் யாருக்கு என்று எழுதுவது மட்டும்தான். சபையின் விதி வேறுவிதமாகச் சொன்னாலன்றிச் சொத்துரிமை அவளிடமே இருக்கும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னராவது மரணசாசனம் எழுத வேண்டும், அது நாட்டுச் சட்டப்படியும் செல்ல வேண்டும். இலங்கையில் அதற்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். வெறும் கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்தது பிறகு வழக்காகும்.

இடையில் திரும்பி வருகிறவள் அங்கே செய்த வேலைக்குச் சம்பளம் கேட்க முடியாது. நீதியோடும் அன்போடும் அவளை நடத்தச் சபைக்குக் கடமை உண்டு, ஆனால் அது சம்பளம் ஆகாது. அவளுக்கென்று வளவு ஒன்று மிஞ்சியிருக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

மீண்டும் கல்முனையிலிருந்து:

கடனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்ட முடியாத கடன் உள்ளவரைச் சேர்க்கக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். நுண்கடன் குழுவில் அம்மாவுக்காகப் பிள்ளை பிணைக் கையெழுத்து வைத்திருந்தால் அதையும் முதல் சந்திப்பிலேயே சபைப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். மறைத்தால் வட்டி ஏறுகிற வேகத்தில் தவணைக்காரர் மடத்து வாசலுக்கே வருவார். பிள்ளை ஆசிரியையானால் சம்பளமும் பிறகு ஓய்வூதியமும் சபைக்குத்தான். அதை நம்பி வீட்டுக் கணக்குப் போடாதீர்கள். வயதான பெற்றோருக்கு வேறு பிள்ளை இல்லையென்றால், அதைச் சேருமுன் சபையோடு பேசி எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.