புதுப்பிப்பு: அப்பாவின் பக்கவாதத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது

மார்ச்சில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போனதையும், காரணம் பிடிபடவில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்ததையும் எழுதியிருந்தேன். இப்போது பிடிபட்டுவிட்டது: கோளாறு இதயத்தில்.

சாதாரண இ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சுத் தோலுக்கடியில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு கருவியை வைத்தார்கள். ஏழாவது வாரம் இதயம் தாளம் தப்பியது பதிவானது. இதற்குப் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்கும்போது, இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறதாம்; அந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போயிருக்கிறது.

ஆஸ்பிரின் போய், ரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்ஸபான் மாத்திரை வந்தது. அதே வேலையைச் செய்யும் பழைய மருந்தான வார்ஃபரினைவிட இதில் பக்கவாதமும் ரத்தக்கசிவும் குறைவு என்று 18,201 பேரிடம் நடந்த அரிஸ்டாட்டில் என்ற ஆய்வு 2011இல் காட்டியது. வார்ஃபரினுக்குப் போல இதற்குக் கீரைக் கட்டுப்பாடு இல்லை என்றதில் அம்மாவுக்குத்தான் அதிக மகிழ்ச்சி.

பக்கவாதம் வந்து 24 மணி நேரம் வரை மூளை நாளத்திலிருந்து ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுக்கலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 2018 ஆய்வுகளுக்குப் பிறகு தகுதியானவர்களுக்கு அது உண்மைதான். ஆனால் பெரிய நாளம் அடைபட்டிருக்க வேண்டும். அப்பாவுக்கு அடைபட்டது சிறு கிளை.

நேற்று சட்டையில் மேல் பொத்தானைத் தவிர மற்றதையெல்லாம் தானே போட்டார். பதினொரு நிமிடம். உதவப்போன என் கையைத் தட்டிவிட்டார். காபி வேண்டுமென்றால் இன்னும் “சாவி” என்றுதான் கேட்கிறார். நாங்கள் காபியே கொடுக்கிறோம்.