பல் டாக்டர்கிட்ட உண்மைய சொல்லணுமா? வாந்தியால தேஞ்ச பல்லு

மழைமைனா:
வணக்கம், இங்க படிச்சுட்டு மட்டும் போறவ நான், இப்பதான் முதல் தடவ எழுதறேன். வயசு 26, சிங்கப்பூர். புலிமியா, அதான் நிறைய சாப்பிட்டுட்டு அப்புறம் வாந்தி எடுக்கற நோய், ஆறு வருஷம் இருந்துச்சு, ஒரு வருஷமா ட்ரீட்மென்ட்ல இருக்கேன், பெரும்பாலும் நின்னுடுச்சு (முழுசா நின்னுச்சுன்னா பொய்). இப்ப பல்லுதான் பிரச்சன. மேல முன்பல்லு ரெண்டும் நுனியில கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, ஓரம் உதிருது, ஐஸ் தண்ணிய விடுங்க, குழாத் தண்ணி பட்டாலே சுரீர்ங்குது. மீல் ப்ளான்ல தயிரு பழம்லாம் இருக்கு, கூசுதேன்னு விட்டுடறேன், அப்புறம் அது கூச்சத்தால விட்டேனா இல்ல பழைய புத்தியால விட்டேனான்னு எனக்கே தெரியல.

ஆபீஸ்ல லன்ச்சுக்கு கூப்பிட்டா போறதில்ல. சிரிச்சா கை தானா வாய்க்குப் போகுது. அம்மாவுக்கு விஷயம் தெரியாது, கால்சியம் கம்மின்னு தினம் கேழ்வரகு கூழ். அக்கா கல்யாணம் நவம்பர்ல, ஃபோட்டோல பல்லு தெரிய சிரிடின்னு இப்பவே ஆரம்பிச்சாச்சு.

பல் டாக்டர்கிட்ட சொல்லணுமா? இல்ல அசிடிட்டின்னு சொல்லிட்டு கிரவுன், அதான் பல்லு மேல மாட்டற உறை, போட்டுக்கலாமா?

தேக்காகாரன்:
தங்கச்சி, உமிக்கரியும் உப்பும் வச்சு நல்லா அழுத்தித் தேய்ங்க. எங்க பாட்டி 80 வயசுலயும் கரும்பு கடிச்சாங்க.

பல்லுக்கார அக்கா:
அண்ணே, பாட்டிக்கு சரி, இந்தப் புள்ளைக்கு வேணாம். ஆசிட்ல ஊறின பல்லுல கரி போட்டா இருக்கற எனாமலும், அதான் பல்லோட மேல் பூச்சு, போயிடும், போனா அது திரும்ப வளராது.

மைனா, நான் பல் கிளினிக்ல அசிஸ்டன்ட், 11 வருஷமா. நீங்க சொல்லாட்டியும் டாக்டருக்கு சந்தேகம் வரும்மா, ஏன்னா வாந்தியால தேயற பல்லு மேல்வரிசையில உள்பக்கம், நாக்கு படற பக்கம்தான் முதல்ல வழுவழுன்னு ஆகும். அசிடிட்டியும் ஏறக்குறைய அப்படித்தான் காட்டும், அதனால நீங்க அப்படி சொன்னா வயித்துக்கு மாத்திரை வாங்கிட்டு வருவீங்க, அவ்ளோதான். வாயில பிஎச் (குறையக் குறைய ஆசிட் ஜாஸ்தின்னு அர்த்தம்) 5.5க்கு கீழ போனாலே எனாமல் கரைய ஆரம்பிக்கும், வயித்து ஆசிட் 1, 2ல நிக்கும். வாந்தி இன்னும் அப்பப்ப வருதுன்னா கிரவுன் ஓரத்துல இருக்கற சொந்தப் பல்லு கரைஞ்சுகிட்டே இருக்கும், காசும் போச்சு பல்லும் போச்சு. அதனாலதான் முதல்ல பல்லு கலர் காம்போசிட், அதான் பிசின் மாதிரி ஒரு ஃபில்லிங், ஒட்டி மூடுவாங்க, கூச்சமும் குறையும், பார்க்கவும் நல்லாருக்கும், நிறைய பேருக்கு ஒண்ணு ரெண்டு விசிட்ல முடிஞ்சுடும், நவம்பருக்கு தாராளமா டைம் இருக்கு. கிரவுன் பத்தி வாந்தி நல்லா நின்னப்புறம் யோசிக்கலாம்.

எப்பவாச்சும் வாந்தி வந்துடுச்சுன்னா உடனே பிரஷ் பண்ணாதீங்க, இளகின எனாமல நாமளே வழிச்சு எடுக்கற மாதிரி அது. ஒரு கப் தண்ணில ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போட்டு கொப்பளிச்சு துப்புங்க, ஒரு மணி நேரம் கழிச்சு சாஃப்ட் பிரஷ். ஃபுளோரைட் அதிகமா இருக்கற பேஸ்ட் டாக்டர் எழுதித் தருவாரு. ஹாக்கர் சென்டர் சாப்பாட்டுக் கடையில லைம் ஜூஸ் வேணாம், தே ஓ கொசோங், அதான் பாலும் சர்க்கரையும் இல்லாத டீ, கொஞ்சம் ஆறவச்சு குடிங்க. சாஸ் கார்டு (அரசாங்க மருத்துவ மானிய அட்டை) நீலமோ ஆரஞ்சோ இருந்தா ஃபில்லிங்குக்கு மானியம் உண்டு, மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) உங்க வயசுக்கு இதுக்கெல்லாம் எடுக்க முடியாது.

ஊட்ரம்வாசி:
நான் ஆம்பள, எனக்கும் இருந்துச்சு, என்எஸ், அதான் கட்டாய ராணுவ சேவை, முடிச்ச வருஷம் ஆரம்பிச்சது. ஆம்பளைக்கு இதெல்லாம் வருமான்னு எங்க மாமாவே சிரிச்சாரு. வாயத் தொறந்து சொல்ல வரலன்னா எழுதிக் குடுங்க, நான் ஃபோன்ல டைப் பண்ணி டாக்டர்கிட்ட நீட்டினேன், அவரு படிச்சுட்டு "சரி, இப்ப எப்படி இருக்கு"ன்னு மட்டும் கேட்டாரு. உங்களுக்கு 26 வயசு ஆச்சு, அம்மாவுக்கு ஃபோன் போடமாட்டாங்க.

மாத்திரை சாப்பிடறீங்களா? இந்த நோய்க்குக் குடுக்கற ஃப்ளூக்ஸெட்டின் எனக்கு வாய வறட்டிடுச்சு, எச்சில் இல்லன்னா பல்லு இன்னும் கெடும். 2004லேர்ந்து மருந்து சூயிங்கம் பல் டாக்டர், ஃபார்மசிஸ்ட்கிட்ட கிடைக்குது, சர்க்கரை இல்லாதது, மென்னா எச்சில் ஊறும், கேட்டுப் பாருங்க (சாதா சூயிங்கம் விக்கவே தடை இருக்கற சிங்கப்பூர்ல அத மெல்ல ஒரு நல்ல காரணம்!). எஸ்ஜிஎச்ல (சிங்கப்பூர் ஜெனரல் ஆஸ்பத்திரி) ஈட்டிங் டிசார்டர் ப்ரோக்ராம் இருக்கு, நேஷனல் டென்டல் சென்டரும் அதே வளாகம்தான், அரசாங்க பாலிகிளினிக் ரெஃபரல் வாங்கிட்டுப் போனா செலவு குறையும். ஒண்ணு மட்டும், நெஞ்சு படபடன்னு அடிச்சாலோ மயக்கம் வந்தாலோ பல்ல விடுங்க, நேரா ஏ அண்ட் ஈ, அதான் அவசர சிகிச்சைப் பிரிவு, போங்க, வாந்தியில பொட்டாசியம் இறங்கிடும். ராத்திரி மனசு தாங்கலன்னா 1771, மனநல உதவி ஃபோன் நம்பர்.

மழைமைனா:
எல்லாருக்கும் நன்றி, தேக்கா அண்ணனுக்கும்தான். மாத்திரை அதேதான் சாப்பிடறேன், வாய் வறட்சிக்கு அதுவும் காரணமா இருக்கும்னு தோணவே இல்ல.

நேத்து ராத்திரி எங்க அக்காகிட்ட சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "அதான் பந்தியில என் பக்கத்துல உக்காரவே மாட்டேங்கறியா"ன்னு கேட்டா. வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட். கிளினிக் ஃபார்ம்ல மற்ற நோய்கள்னு ஒரே ஒரு கோடு விட்டிருக்காங்க, கீழ இருந்த காலி இடத்துலயும் சேர்த்து எழுதிட்டேன். அக்காவும் வர்றேங்கறா, வெளிய உக்காந்திருப்பாளாம்.