சாம்பியா ஒரு கம்பி கூட இழுப்பதில்லையா?

முத்துவேல்:
"மண்ணை வெட்டிக் கப்பலில் ஏற்றுகிற நாடு சாம்பியா. தன் செம்பில் ஒரு கம்பி கூட இழுக்கத் தெரியாது" என்று நேற்று பழநி எழுதியிருந்தார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அங்கே லுவான்ஷா நகரில் 1968-ல் தொடங்கிய சமெஃபா ஆலை செம்புக் கம்பியும் கேபிளும் செய்கிறது. அந்த நாட்டின் கிட்வே நகரில் எட்டு வருடம் மின்வேலை பார்த்தவன் நான். அந்தக் கேபிளின் உறையை இந்தக் கையால் சீவி இணைத்திருக்கிறேன்.

பழநி:
ஒரே ஒரு ஆலை! 2024-ல் எட்டு லட்சம் டன்னுக்கு மேல் செம்பு எடுத்த நாடு அது. பெரும்பகுதி வெளியேதானே போகிறது?

முத்துவேல்:
"ஒரு கம்பி கூட" என்று எழுதினீர்களா, இல்லையா? அப்புறம், போவது மண் இல்லை. அங்கே முஃபுலிரா ஊரில் உருக்கிச் சுத்திகரித்த தகடு, 99.99 சதவீதம் செம்பு. லாரியில் கட்டுக்கட்டாகப் போகும்போது விளிம்பெல்லாம் இளஞ்சிவப்பாக மின்னும். பார்த்திருந்தால் மண் என்று சொல்ல வாய் வராது.

செல்வி:
தகடு வரை வந்தது சரி, அதற்கு மேல் ஏன் நகரவில்லை? 1969-ல் அன்றைய அதிபர் கவுண்டா செம்புச் சுரங்கங்களில் 51 சதவீதத்தை அரசுக்கு எடுத்தார். எழுபதுகளில் செம்பு விலை விழுந்ததும் கையில் காசில்லை. தொண்ணூறுகளில் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். சாலவுலா என்கிற பழந்துணி மூட்டைகள் சந்தையில் குவிய, உள்ளூர்த் துணி ஆலைகள் நொடித்தன. கம்பியை விட்டு இதைப் பேசுங்களேன்.

பழநி:
சாம்பியாவின் கொங்கோலா செம்புச் சுரங்கத்தை 2004-ல் வாங்கியது யார்? தூத்துக்குடி ஸ்டெர்லைட்டின் அதே வேதாந்தா. அதைப் பற்றி முத்துவேல் ஐயா வாய் திறப்பாரா?

முத்துவேல்:
லுவான்ஷாவைக் கேட்டால் தூத்துக்குடிக்கு ஓடுகிறீர்கள். போன மாதம் கரும்பு விலை பேசும்போதும் மாட்டிக்கொண்டதும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள்.

பழநி:
அந்தக் கரும்புக் கோபம் இன்னும் ஆறவில்லையா? எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டால் நாடே உங்களுக்குச் சொந்தமா?

செல்வி:
2024 வறட்சியில், சாம்பியாவுக்கு மின்சாரம் தரும் கரிபா அணை வற்றி, வீடுகளுக்கு நாளில் சில மணி நேரம்தான் கரண்ட் வந்தது. புதிய ஆலைக்கு யார் பணம் போடுவார்கள்? இதற்கு இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை.

முத்துவேல்:
மின்வெட்டைப் பிறகு பேசலாம் அம்மா. பழநி, முதலில் அந்த வரியை எடுங்கள். அங்கே மூன்று ஷிப்டில் கம்பி இழுத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

பழநி:
எடுக்க மாட்டேன். ஒரு ஆலை கணக்கில் வராது.

முத்துவேல்:
வரும். 1968 முதல் வருகிறது.