மறு: பீட்டா ரீடர், கேனன் செக் – தமிழ்ல என்ன வெக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

இழை ரொம்ப நீண்டு போச்சு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதினா யாரும் படிக்கமாட்டீங்க, அதனால எல்லா மடலையும் சேர்த்து ஒரே பதில். புதுசா வந்தவங்களுக்கு: ஃபேன் ஃபிக்ஷன், அதாவது ஒருத்தரோட கதை உலகத்த எடுத்து ரசிகர்கள் எழுதற கதை, அந்த வட்டத்துச் சொல்லுக்கெல்லாம் தமிழ் தேடறோம். பீட்டா ரீடர்னா கதை வெளிவர்றதுக்கு முன்னாடி டிராஃப்ட படிச்சு திருத்தம் சொல்றவர், கேனன்னா மூலக் கதைல வந்த விவரங்கள், கேனன் செக்னா புதுக் கதை அதோட ஒத்துப்போகுதான்னு பாக்கறது. கொஞ்சம் பெருசுதான், பொறுத்துக்குங்க.

> சாஃப்ட்வேர் பீட்டாவுக்கு "சோதனைப் பதிப்பு"னுதானே சொல்றோம், அப்ப பீட்டா ரீடர் = சோதனை வாசகர். இதுக்கு ஏன் இவ்ளோ நீளமா பேசறோம்?

தம்பி, சொல் அங்கேர்ந்து வந்ததுங்கறது சரி, ஆனா வந்த இடத்துல வேலை மாறிடுச்சே. சாஃப்ட்வேர்ல பீட்டா டெஸ்டர் பயன்படுத்திப் பாத்துட்டு இங்க உடையுது அங்க நிக்குதுன்னு சொல்லிட்டு போயிடுவாரு. ஃபேன் ஃபிக்ஷன்ல பீட்டா பண்றவங்க டிராஃப்டுக்குள்ளயே உக்காந்துக்கறாங்க, சந்திப்பிழை பாக்கறது, ரெண்டு பாராவ இடம் மாத்தச் சொல்றது, இந்த கேரக்டர் கோவம் வந்தா கத்தமாட்டான் அமைதியாயிடுவான்னு சண்டை போடறது, அத்தியாயம் எங்க முடியணும்னு சொல்றது, எல்லாமே. "சோதனை வாசகர்"னு வெச்சா அவரத்தான் யாரோ சோதிக்கறாங்கன்னு தோணுது, இல்லன்னா வாசகருக்கு வந்த சோதனைன்னு. (சில டிராஃப்டுக்கு அது பொருத்தம்தான், அத விடுங்க.)

"முன்வாசகர்"னு போன வாரமே ஒருத்தர் சொன்னாரு, யாரும் கண்டுக்கல. எனக்கு அது போதும். வெளியிடறதுக்கு முன்னாடி வாசிக்கறவர், கேட்ட உடனே புரியுது, கூட ஒரு விளக்கம் ஒட்ட வேண்டியதில்ல. "மெய்ப்புநோக்கர்" வேண்டாம், அது அச்சுக்கோத்த பிறகு பாக்கற வேலை. "செம்மையாக்கம்" பதிப்பகத்துக்காரங்க ஏற்கனவே காப்பி எடிட்டிங்குக்கு எடுத்துக்கிட்டாங்க, அவங்களோட மோத வேண்டாம்.

என்னோட உண்மையான கவலை இதுல இல்ல. இங்கிலீஷ்ல பீட்டாங்கற ஒரே சொல்லுக்குள்ள ரெண்டு வேலைய திணிச்சு வெச்சிருக்காங்க, நாமளும் அப்படியே திணிக்கப் பாக்கறோம். ஒண்ணு, மொழியும் கதையும் பாக்கறது. இன்னொண்ணு, அந்தக் கற்பனை உலகத்தோட விவரம் சரியான்னு பாக்கறது. ரெண்டாவது வேலைக்கு வேற மாதிரி ஆள் வேணும். வாக்கியம் பிரமாதமா திருத்தறவருக்கு ஹாரி பாட்டர் படிக்கற ஹாக்வர்ட்ஸ் பள்ளிக்கூடத்துல எந்த மாடிப்படி எங்க போகும்னு தெரிஞ்சிருக்கணும்னு கட்டாயமில்ல.

ஹாரி பாட்டர் கதைகளுக்கு விவரம் பாத்துக் குடுக்கறவ நான், அதனால அதையே எடுத்துக்கறேன். முதல் புத்தகங்கள்ல வருஷம் நேரடியா எங்கயும் சொல்லியிருக்காது. ரெண்டாவது புத்தகத்துல பேய் நிக்கோட ஐநூறாவது இறந்தநாள் விருந்துல ஒரு கேக் இருக்கும், அதுல அவர் செத்தது 1492 அக்டோபர் 31னு எழுதியிருக்கும். அதவெச்சு அந்த வருஷம் 1992, அப்ப ஹாரி பொறந்தது 1980ன்னு கணக்குப் போட்டாங்க ரசிகர்கள். மொத்த காலக்கோடும் ஒரு கேக்குலேர்ந்து வந்தது! அந்தக் கணக்குப்படி நாலாவது புத்தகம் ஆரம்பிக்கறது 1994 கோடைல, அதுல ஹாரியோட பெரியம்மா பையன் டட்லி தன்னோட பிளேஸ்டேஷன ஜன்னல் வழியா தூக்கி எறிஞ்சான்னு வரும், ஆனா பிளேஸ்டேஷன் ஜப்பான்லயே 1994 டிசம்பர்லதான் வந்துச்சு, ஐரோப்பாவுக்கு 1995 செப்டம்பர். ஹாரியோட அப்பாங்க காலத்த, அதாவது எழுபதுகள, வெச்சு எழுதறவங்க இன்னும் பாவம், அப்பாவோட நண்பன் லூப்பின் ஓநாயா மாற வேண்டிய ராத்திரி நெஜமாவே பௌர்ணமியான்னு அந்த வருஷத்து நிலாக் கணக்க எடுத்துப் பாக்கற ஆளுங்க இருக்காங்க. இந்த வேலைய "வாசிப்பு"ன்னு சொன்னா நியாயமா?

> எங்கட பேப்பர் ஒஃபிசுகளில "ஒப்புநோக்காளர்" எண்டு ஒரு வேலையே இருந்தது. மூலப்பிரதியைப் பக்கத்தில வைச்சு வரிவரியாப் பாக்கிறவர். நீங்கள் ஏன் புதுசாத் தேடுறியள்?

அக்கா, இதப் படிச்சதும் எனக்கு தேடல் முடிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. தமிழ்நாட்டுல புரூஃப் ரீடர் பிழைதிருத்துநரா ஆயிட்டாரு, கவனம் பிழை மேல. உங்க சொல்லுல கவனம் பக்கத்துல இருக்கற மூலத்து மேல. கேனன் செக் பண்றவர் செய்யறது அப்படியே இதுதான், ஒரு கை புது டிராஃப்டுல, இன்னொரு கை பழைய புத்தகத்துல. அதனால கேனன் செக் = ஒப்புநோக்கு, செய்யறவர் = ஒப்புநோக்கர். இலங்கைல புரூஃபுக்கு இன்னும் இதப் புழங்கறவங்களுக்கு குழப்பம் வருமான்னு நீங்கதான் சொல்லணும், "ஆளர்"க்கு பதிலா "அர்" போட்டா பிரிச்சுக் காட்டலாம்னு நெனைக்கறேன்.

ஸ்டார் வார்ஸ் கம்பெனில லீலண்ட் சீன்னு ஒருத்தர், 2000லேர்ந்து ஹோலோகிரான்னு ஒரு டேட்டாபேஸ் வெச்சு எந்தக் கிரகம் எங்க, யாருக்கு எந்த வருஷம் என்னாச்சுன்னு பராமரிச்சாரு, சம்பளத்துக்கு. கேம் ஆஃப் த்ரோன்ஸ் எழுதின ஜார்ஜ் மார்ட்டினுக்கு அவரோட ரசிகர் தளம் நடத்தற ஜோடிதான் இந்த வேலைய பாத்தாங்க, தன் கதைல ஒரு குதிரை ஒரு இடத்துல ஆணாவும் இன்னொரு இடத்துல பொண்ணாவும் வந்துடுச்சுன்னு மார்ட்டினே சொல்லி சிரிச்சிருக்காரு. எழுதினவருக்கே ஒப்புநோக்கர் தேவைப்படுதுன்னா மத்தவங்கள சொல்லணுமா.

சரி, எதோட ஒப்புநோக்கறது? கேனனுக்கு என்ன சொல்? அப்படியே "கேனன்"னு எழுதினா பாதிப் பேருக்கு கேமரா, மீதிப் பேருக்கு பீரங்கி. "மூலம்"னு நாலு பேர் சொன்னீங்க, நல்ல சொல்தான், ஆனா "என் மூலத்த சரிபார்த்துக் குடுங்க"ன்னு ஒரு பொண்ணு குழுவுல எழுதினா என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

நான் நன்னூல்லேர்ந்து எடுக்கலாம்னு சொன்னேன். முதல், வழி, சார்புன்னு நூல் மூணு. வழிநூல்னா முன்னோர் நூலோட முடிபுக்கு முழுசா ஒத்துப்போயி, பின்னால எழுதறவன் தனக்கு வேணுங்கற வேறுபாடுகளச் சொல்றது. சார்புநூல்னா ஒரு பகுதி மட்டும் ஒத்துக்கிட்டு மத்தத வேற மாதிரி திருப்பறது. இதப் படிச்சப்ப எனக்கு சிரிப்பு தாங்கல, கேனனுக்கு ஒத்துப்போற ஃபிக், ஏயூ (கதைய மாத்திப்போட்ட மாற்று உலகம்) ஃபிக்னு இந்தப் பசங்க டேக் போட்டு பிரிக்கறாங்களே அதே பிரிவு! முதற்புனைவு, வழிப்புனைவு, சார்புப்புனைவு. ஹாரிக்கு நடந்ததெல்லாம் அப்படியே இருக்க, யாரும் சொல்லாத ஒரு கோடை விடுமுறைய மட்டும் எழுதினா வழிப்புனைவு. ஹாரி எதிரணி விடுதியான ஸ்லித்தரின்ல சேர்ந்திருந்தான்னா, அது சார்புப்புனைவு. ஒப்புநோக்கருக்கு இது தெரிஞ்சாத்தான் எவ்ளோ கறாரா பாக்கணும்னு தெரியும். மொத்தத்துக்கும் ஒரு சொல் வேணும்னா ரசிகர் புனைவு ஏற்கனவே இருக்கு, அதத் தொட வேண்டாம்.

> நன்னூல் கூறும் நூல் இலக்கண நூலையே குறிக்கும், கதைகளுக்குப் பொருந்தாது. விளையாட்டுக்கெல்லாம் இலக்கணத்தை இழுப்பது முறையன்று.

ஐயா, உங்க மேல மரியாதை உண்டு, ஆனா இதுல எனக்கு உடன்பாடில்ல. முதல்ல, நான் "நூல்"ங்கற சொல்லையே எடுக்கல, முதல் வழி சார்புங்கற மூணையும் மட்டும்தான் எடுத்தேன். ரெண்டாவது, கம்பராமாயணத்த வழிநூல்னு பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுக்கறோம், அது இலக்கணமா? ராவணன் சீதைய தொடாம பர்ணசாலையோட பெயர்த்துட்டுப் போனான்னு கம்பர் மாத்தினாரு, வான்மீகில தூக்கிட்டுத்தான் போறான். கம்பர ரசிகர் புனைவு எழுதினவர்னு நான் சொல்ல வரல, சொன்னா இந்தக் குழுவுல அடுத்த மூணு மாசம் வேற எதுவும் பேச முடியாது. முன்னாடி இருக்கற கதையோட எப்படி உறவு வெச்சுக்கறதுங்கற யோசனைக்கு நம்மகிட்ட பழைய சொல் இருக்குன்னு மட்டும்தான் சொல்றேன். விளையாட்டுக்கு புனிதச் சொல்ல எடுக்கக்கூடாதுன்னா, கேனன்ங்கறதே தேவாலயத்துச் சொல்தான். 1911ல ரொனால்ட் நாக்ஸ் விவிலிய ஆராய்ச்சிய கிண்டலடிக்கற பாணில ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள ஆராய்ஞ்சு ஒரு கட்டுரை வாசிச்சாரு, ஹோம்ஸ் ரசிகர்கள் இந்தச் சொல்ல புழங்கறதுக்கு அதத்தான் ஆரம்பமா சொல்றாங்க. அவங்க விளையாட்டுக்கு எடுத்தாங்க, நாம எடுத்தா என்ன?

அடுத்து பிழைக்கு வருவோம். முரண்பாடு, தொடர்ச்சிப் பிழை, விவரப்பிழைன்னு பட்டியல் ஓடிட்டு இருக்கு. அதே நன்னூல்ல பத்துக் குற்றம் இருக்கே, அதுல "மாறுகொளக் கூறல்". முன்னாடி சொன்னதுக்கு மாறா பின்னாடி சொல்றது. அதனால "மாறுகோள்". ஷெர்லாக் ஹோம்ஸோட நண்பர் வாட்சனுக்கு குண்டு பட்டது 1887ல வந்த முதல் நாவல்ல தோள்ல, ரெண்டாவது நாவல்ல கால்ல. மாறுகோள். "அத்தியாயம் 6ல ரெண்டு மாறுகோள் இருக்கு, பாருங்க"ன்னு மடல்ல எழுதிப் பாத்தேன், வாய்க்கு நல்லாத்தான் வருது.

ஆனா எல்லா வித்தியாசமும் மாறுகோள் இல்ல, இங்கதான் ஒப்புநோக்கர் உஷாரா இருக்கணும். டோல்கீனோட ஹாபிட் நாவல் 1937ல முதல்ல வந்தப்ப, நாயகன் பில்போவோட நடக்கற விடுகதைப் போட்டில தோத்தா மோதிரத்த பரிசா குடுக்கறேன்னு கோலம்ங்கற பாத்திரம் தானா ஒத்துக்குவான். 1951 பதிப்புல டோல்கீன் அந்த அத்தியாயத்தையே மாத்திட்டாரு, லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்ங்கற பெரிய கதைக்கு ஒத்துவரணும்னு. பழைய பதிப்ப பாத்து ஒருத்தர் எழுதினா அது பிழை இல்ல, பாடபேதம். சுவடி பதிப்பிச்சவங்க நமக்கு விட்டுட்டுப் போன சொல் சும்மா கெடக்கு, எடுத்துக்கலாம். ஹாரி பாட்டர் நாலாவதுலயும் இப்படித்தான், மந்திரக்கோல்லேர்ந்து ஹாரியோட செத்துப்போன அம்மா அப்பா நிழலா வெளிய வர்ற வரிசை ஆரம்ப அச்சுல தப்பாயிருந்து பிறகு திருத்தினாங்க. அதனால ஒப்புநோக்கர் எந்தப் பதிப்ப வெச்சு பாத்தாருன்னு குறிப்புல எழுதியே ஆகணும்.

இதவிட அழகு என்னன்னா, டோல்கீன் பழைய பதிப்ப தூக்கிப் போடல. பில்போ முதல்ல பொய் சொன்னான், அந்தப் பொய்தான் பழைய கதைன்னு அடுத்த புத்தகத்துல காரணம் சொல்லிட்டாரு. ரெட்கான்ங்கறாங்க இத. நமக்கு வழுவமைதி! வழுதான், ஆனா காரணம் காட்டி ஏத்துக்கறது. வாட்சனோட பேரு ஜான், ஒரு கதைல பொண்டாட்டி ஜேம்ஸ்னு கூப்புடுவா. நடுவுல வர்ற எச் எழுத்து ஹேமிஷ், அது ஜேம்ஸோட ஸ்காட்லாந்து வடிவம்னு துப்பறியும் கதை எழுதின டோரதி சேயர்ஸ் ஒரு விளக்கம் குடுத்தாங்க பாருங்க, இலக்கண உரைகாரங்க தோத்துடுவாங்க. மார்கஸ் ஃப்ளின்ட்டுனு ஒரு ஸ்லித்தரின் பையன் முதல் புத்தகத்துலயே ஆறாவது வருஷம், மூணாவது புத்தகத்துலயும் ஸ்கூல்லதான் இருக்கான். கேட்டப்ப கதைய எழுதின ரௌலிங் பரீட்சைல ஃபெயில்னு வெச்சுக்கலாம்னுட்டாங்க. அவங்க அமைதி சொன்னா அது முதற்புனைவுலயே சேருமா, இல்ல நாம சொல்ற அமைதியும் அதுவும் ஒண்ணாங்கறது வேற சண்டை, அதுக்கு தனி இழை ஆரம்பிங்க.

முதற்புனைவுங்கறதே நிலையான ஒண்ணு இல்லங்கறதையும் சொல்லிடறேன். 2014 ஏப்ரல்ல லூகாஸ்ஃபிலிம் பழைய ஸ்டார் வார்ஸ் நாவல் எல்லாத்தையும் லெஜெண்ட்ஸ்னு ஒதுக்கி வெச்சுது, அதுவரைக்கும் முதலா எண்ணினது ஒரே நாள்ல சார்பாயிடுச்சு, அதவெச்சு எழுதிட்டு இருந்தவங்க பாடு என்ன ஆயிருக்கும்.

பிரிட்பிக்குக்கு: லண்டன் பையன் அமெரிக்கக்காரன் மாதிரி பேசறானான்னு பாக்கறதுக்கு "வழக்கு பார்த்தல்"னு ஒரு நண்பர் எழுதியிருந்தாரு. வக்கீல் வேலையாயிடும். "ஊர்வழக்கு பார்த்தல்"னா சரி. நம்மாளுங்க யாழ்ப்பாணத்துக் கேரக்டர வெச்சு எழுதினா இது ரொம்பவே தேவை, "கதைக்கிறது"ன்னு ஒரு சொல்ல மட்டும் தூவிட்டு மீதியெல்லாம் மெட்ராஸ் பாஷைல ஓட்டறத அக்கா மாதிரி ஆளுங்கதான் பிடிக்கணும்.

ஆக கலைச்சொல் பட்டியல்ல நான் ஏத்தப் போறது முன்வாசகர், ஒப்புநோக்கர், முதற்புனைவு, வழிப்புனைவு, சார்புப்புனைவு, மாறுகோள், பாடபேதம், வழுவமைதி, ஊர்வழக்கு பார்த்தல். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வரைக்கும் மறுப்பு இருந்தா சொல்லுங்க. ஐயா, உங்க மறுப்ப அடிக்குறிப்பா சேர்க்கறேன்.

பி.கு: மேரி சூவுக்கு, அதாவது குறையே இல்லாத நாயகிக்கு வெக்கற பேருக்கு, யாரும் கை வெக்கல. 1973ல ஸ்டார் ட்ரெக் ரசிகர் இதழ் ஒண்ணுல கிண்டலுக்கு எழுதின ஒரு குட்டிக்கதைல வர்ற பொண்ணு பேரு அது, பதினஞ்சரை வயசு லெப்டினன்ட், எல்லாருக்கும் அவ மேல காதல். "சகலகலாவல்லி"ன்னு ஒருத்தர் தனிமடல்ல அனுப்பியிருக்காரு. எனக்கு பிடிச்சிருக்கு, ஆனா குமரகுருபரர் சரஸ்வதிய பாடினது அந்தப் பேர்லதான், ஐயா என்ன சொல்வாரோ.